பள்ளிக்குள் வந்த கல்லூரிப் படிப்பு: தரத்தை யாரிடம் கேட்பது?

காலை எட்டு மணிக்குக் கீரனூர் பேருந்து நிலையத்தில் நின்று பாருங்கள். குன்றாண்டார்கோவில் பக்கமிருந்தும் நார்த்தாமலை பக்கமிருந்தும் வரும் டவுன் பஸ்களில் பிள்ளைகள் பிதுங்கி இறங்குவார்கள். சிலர் அரசு கொடுத்த சைக்கிளை மிதித்து வருவார்கள். அப்பா கல்குவாரியில் இருப்பார், அம்மா நூறு நாள் வேலைக்குப் போயிருப்பார். "என்ன படிக்கிறே?" என்று கேட்டால், "பயோ மேத்ஸ்", "காமர்ஸ்", "தொழிற்பிரிவு" என்று பதில் வரும். அந்தப் பதிலுக்குள் ஒரு வரலாறு இருக்கிறது. அதைச் சொல்லாமல் இன்றைய பிரச்சினையைப் பேச முடியாது.

இந்தப் பிள்ளைகள் பிளஸ் டூ என்று படிப்பதில் ஒரு பகுதி, ஒருகாலத்தில் கல்லூரிப் படிப்பாக இருந்தது. அன்று பள்ளி 11 ஆண்டு. எஸ்.எஸ்.எல்.சி. முடித்தவர் கல்லூரியில் ஓராண்டு பி.யூ.சி. படித்துவிட்டுத்தான் பட்டப்படிப்புக்குப் போக முடியும். கீரனூர்ப் பிள்ளைக்கு அந்த ஓராண்டு என்பது புதுக்கோட்டை மன்னர் கல்லூரி, இல்லையென்றால் திருச்சி. பஸ் கட்டணம், விடுதிச் செலவு, போட்டுக்கொள்ள நல்ல சட்டை, புரியாத ஆங்கிலம் என்று நான்கு தடைகளைத் தாண்ட வேண்டும். ஊர்த்தெருப் பிள்ளைகளே தடுமாறிய இடத்தில் சேரிப்பிள்ளைகள் எத்தனை பேர் தாண்டியிருப்பார்கள்?

டி.எஸ். கோத்தாரி தலைமையிலான கல்விக் குழு 1964 முதல் 1966 வரை ஆராய்ந்து, 10+2+3 என்ற அமைப்பைப் பரிந்துரைத்தது. தமிழ்நாடு அதை 1978-79 கல்வியாண்டில் நடைமுறைப்படுத்தியது. பி.யூ.சி. கல்லூரியிலிருந்து விடைபெற்றது. அதன் இடத்தில் மேல்நிலைக் கல்வி பள்ளிக்குள் வந்தது. முதல் பிளஸ் டூ பொதுத்தேர்வு 1980 மார்ச்சில் நடந்தது. அண்டை மாநிலமான கேரளத்தில் பிரீ-டிகிரி வகுப்பைக் கல்லூரியிலிருந்து முழுமையாகப் பிரித்து முடிக்க 2000-01 வரை ஆனது. அதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே நாம் அதைச் செய்துவிட்டோம்.

அது நம் மக்களுக்குக் கிடைத்த பெரிய கதவு என்பதை நாம் ஒருபோதும் மறுக்க மாட்டோம். கல்லூரியின் வாசற்படி சேரிக்குப் பக்கத்தில் வந்தது. பிளஸ் ஒன், பிளஸ் டூ படிக்கும் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்குத்தான் 2001-02இல் முதன்முதலில் இலவச சைக்கிள் கொடுக்கப்பட்டது. பிறகுதான் அது எல்லாருக்குமான திட்டமானது. அறிவொளி இயக்கக் காலத்தில் சைக்கிள் பழகிப் பெண்கள் ஊரையே திரும்பிப் பார்க்க வைத்த மாவட்டம் இது. அந்தத் தாய்மாரின் பெண்களும் பேத்திகளும் அரசு சைக்கிளில் பிளஸ் டூ படிக்கப் போனார்கள்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மெட்ரிக்குக்குப் பிந்தைய கல்வி உதவித்தொகை என்று ஒன்று உண்டு. அண்ணல் அம்பேத்கர் வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் இருந்த காலத்தில், 1944இல் தொடங்கியது. அந்தத் திட்டத்தின் கணக்கில் பதினொன்றாம் வகுப்பிலிருந்தே உயர்படிப்பு ஆரம்பமாகிவிடுகிறது. ஆக, அரசின் கோப்பிலேயே நம் பிள்ளை பிளஸ் ஒன்னில் கால் வைக்கும்போது உயர்கல்விக்குள் கால் வைக்கிறது. ஆனால் அந்தப் படிப்புக்குரிய ஆசிரியர், ஆய்வகம், நூலகம் எல்லாம் பள்ளிக்குள் வந்து சேர்ந்தனவா? வகுப்பு இடம் மாறியபோது தரமும் கூடவே இடம் மாறியதா? இதுதான் நம் கேள்வி.

நாம் பட்ட பாடு

நாம் பிளஸ் டூ படித்தது இதே வட்டாரத்தில், தொண்ணூறுகளின் பிற்பகுதியில். பள்ளியின் பெயர் இங்கே தேவையில்லை. அன்று பல பள்ளிகளின் கதை அதுதான். பத்தாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் வாங்கிவிட்டு அறிவியல் பிரிவு கேட்டுப் போய் நின்றோம். "உங்களுக்கெல்லாம் அது வராதுப்பா, தொழிற்பிரிவு எடு, சீக்கிரம் வேலைக்குப் போகலாம்" என்றார்கள். கூட வந்த அப்பா கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பிடிவாதம் பிடித்து அறிவியல் பிரிவில் சேர்ந்தோம். சேர்ந்து என்ன கண்டோம்? வேதியியலுக்கு அரை ஆண்டு ஆசிரியர் இல்லை. ஆய்வகத்தின் பூட்டு செய்முறைத் தேர்வுக்கு இரண்டு வாரம் முன்புதான் திறந்தது. போன வருடத்து அண்ணனின் ரெக்கார்டு நோட்டைப் பார்த்து எழுதினோம். பியூரெட்டைக் கையில் பிடித்ததே தேர்வு அன்றுதான். ஆனாலும் செய்முறைக்கு முழு மதிப்பெண்ணை ஒட்டிப் போட்டார்கள். அன்று அது கருணை என்று நினைத்தோம். அந்தக் கருணையின் விலை என்ன என்பது, கல்லூரியில் அறிவியல் படிக்கப்போன நம் தெருத் தோழர்கள் முதல் ஆண்டிலேயே அரியர் வைத்துத் திரும்பி வந்தபோதுதான் தெரிந்தது.

நாம் தமிழ் படிக்கப் போனோம். தமிழ் நமக்குச் சோறும் சொல்லும் தந்தது, அதில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் தமிழை விரும்பித் தேர்ந்தெடுப்பது வேறு, மற்றக் கதவுகள் சாத்தப்பட்டதால் ஒரு கதவில் நுழைவது வேறு. நம் பிள்ளைகளுக்கு முதல் வகை வேண்டும்.

பதினொன்றைத் தாண்டிக் குதித்த காலம்

பிளஸ் ஒன் வகுப்பின் கதையை மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். பொதுத்தேர்வு பன்னிரண்டாம் வகுப்புக்கு மட்டும் என்றிருந்த காலத்தில், பல தனியார் பள்ளிகள் பதினொன்றாம் வகுப்புப் பாடத்தை ஓரங்கட்டிவிட்டுப் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே இரண்டு ஆண்டும் மனப்பாடம் செய்ய வைத்தன. மாநிலத் தரவரிசையும் விளம்பரப் பலகைகளும் அப்படித்தான் வந்தன. இதைத் தடுக்கவே 2017-18இல் பதினொன்றாம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு கொண்டுவரப்பட்டது. 1,200 மதிப்பெண் 600 ஆனது. அந்தத் தேர்வின் மதிப்பெண்ணை உயர்கல்விக்குச் சேர்ப்பதில்லை என்று 2018இல் முடிவானதும் பாதி வேகம் போய்விட்டது. இப்போது, 2025 ஆகஸ்ட் 8 அன்று வெளியான மாநிலக் கல்விக் கொள்கையைத் தொடர்ந்து, பதினொன்றாம் வகுப்புப் பொதுத்தேர்வே நீக்கப்பட்டிருக்கிறது.

தேர்வைக் குறைத்ததை நாம் எதிர்க்கவில்லை. அடுத்தடுத்து மூன்று ஆண்டு பொதுத்தேர்வு என்பது பிள்ளைகள் தலையில் வைத்த பாறாங்கல். தோற்றுப்போகும் பிள்ளை பள்ளியை விட்டே நின்றுவிடும் ஆபத்து ஏழைக் குடும்பங்களில்தான் அதிகம். ஆனால் தேர்வை எடுத்துவிட்டால் படிப்பையும் எடுத்துவிடும் பழக்கம் இந்த நாட்டில் உண்டு. கணிதத்தில் வகையிடலும் தொகையிடலும் அறிமுகமாவது பதினொன்றில். அதைப் படிக்காத பிள்ளை பொறியியல் கல்லூரியின் முதல் பருவக் கணக்கில் என்ன செய்யும்? நீட் தேர்வின் பாடத்திட்டத்தில் பதினொன்றும் பன்னிரண்டும் சேர்ந்தே இருக்கின்றன. காசு உள்ளவர் விட்டுப்போன பாடத்தைக் கோச்சிங் சென்டரில் வாங்கிக்கொள்வார். நூறு நாள் வேலைச் சம்பளத்தில் எந்தப் பாடத்தை வாங்க முடியும்?

அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவத்தில் 2020 முதலும், பொறியியல், வேளாண்மை, சட்டம் முதலிய படிப்புகளில் 2021 முதலும் 7.5 சதவீத ஒதுக்கீடு கிடைத்திருக்கிறது. இந்த ஒதுக்கீட்டில் வருவோரின் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. இவையெல்லாம் போராடிப் பெற்ற சமூகநீதியின் பலன்கள். வாசலைத் திறந்துவிட்டார்கள், நன்றி. ஆனால் உள்ளே போன பிள்ளை நிலைத்து நிற்கும் வலுவைப் பிளஸ் ஒன், பிளஸ் டூ வகுப்பறைதான் கொடுக்க வேண்டும்.

அமெரிக்காவில் என்ன செய்கிறார்கள்?

கல்லூரிப் பாடத்தைப் பள்ளியில் நடத்தும் பழக்கம் நமக்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்காவில் உயர்நிலைப் பள்ளி மாணவர் தம் பள்ளியிலேயே, தம் பள்ளி ஆசிரியரிடமே கல்லூரிப் பாடம் படித்து, கல்லூரி மதிப்பெண்ணும் பெறலாம். சிராக்கியூஸ் பல்கலைக்கழகம் 1970களின் தொடக்கத்திலேயே இப்படி ஒரு திட்டத்தை ஆரம்பித்தது. இது பரவியபோது அங்கேயும் அதே கேள்வி எழுந்தது. பள்ளியில் நடப்பது உண்மையிலேயே கல்லூரிப் பாடம்தானா, பெயர் மட்டும்தானா? அதற்காக 1999இல் நாடு தழுவிய கூட்டமைப்பு ஒன்றை அமைத்துத் தர விதிகள் எழுதினார்கள்.

அந்த விதிகளின் சாரம் எளிமையானது. பள்ளியில் பாடம் நடத்தும் ஆசிரியருக்குக் கல்லூரித் துறை ஒப்புதல் தர வேண்டும். வகுப்பு தொடங்கும் முன் அவருக்குப் பயிற்சி தர வேண்டும். கல்லூரிப் பேராசிரியர் பள்ளிக்கு நேரில் வந்து வகுப்பைப் பார்க்க வேண்டும். கல்லூரியில் என்ன பாடமோ, என்ன தேர்வோ, என்ன திருத்தும் முறையோ, அதே அளவுகோல் பள்ளியிலும் இருக்க வேண்டும். மாணவரின் கருத்தையும் கேட்க வேண்டும்.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். இந்த விதிகளில் பெரும்பாலானவை மாணவரைப் பார்த்துக் கேட்கும் கேள்விகள் அல்ல. ஆசிரியரை, பாடத்தை, பள்ளியை, கல்லூரியைப் பார்த்துக் கேட்கும் கேள்விகள். அதற்காக அமெரிக்காவைத் தலையில் தூக்கிவைத்து ஆட வேண்டியதில்லை. அங்கேயும் இந்த வகுப்புகளில் கறுப்பின மாணவர்கள் அவர்களின் எண்ணிக்கைக்கு ஏற்ற அளவில் இல்லை என்பது பல காலமாகப் பேசப்படும் குறை. நல்ல வகுப்பு இருந்தால் போதாது, அதில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்றும் பார்க்க வேண்டும். இந்தப் பாடம் நமக்கும் பொருந்தும்.

'தரம்' என்ற சொல்லின் மேல் நமக்குள்ள சந்தேகம்

நம்மவர்களில் சிலர் கேட்பார்கள்: "தரம், தரம் என்று நாமே பேசினால் அது நம் பிள்ளைகளையே வெளியே தள்ளாதா?" நியாயமான பயம். இட ஒதுக்கீடு வந்த நாளிலிருந்து 'தரம் போய்விடும்' என்ற கூச்சல் நம்மை நோக்கித்தான் எறியப்பட்டது. அந்தச் சொல்லால் காயம்படாத தலித் மாணவர் இல்லை.

அரியலூர் மாவட்டம் குழுமூர் அனிதாவை மறக்க முடியுமா? பிளஸ் டூவில் 1,200க்கு 1,176 வாங்கிய பிள்ளை. மாநிலம் வைத்த தேர்வில் அவர் காட்டிய தரத்தை, வேறொரு தேர்வு வந்து செல்லாக்காசு என்றது. 2017 செப்டம்பர் 1 அன்று அவரை இழந்தோம். (மாணவர்களே, ஒரு தேர்வு உங்கள் உயிரைவிடப் பெரியதல்ல. மனம் உடைந்தால் வீட்டிலும் ஆசிரியரிடமும் தோழர்களிடமும் பேசுங்கள்.) பிளஸ் டூ மதிப்பெண்ணே மருத்துவச் சேர்க்கைக்குப் போதும் என்று தமிழ்நாடு சொல்கிறது. நாமும் அதையே சொல்கிறோம். அப்படிச் சொல்லும் உரிமை நமக்கு முழுதாக இருக்க வேண்டுமென்றால், கீரனூரில் வாங்கிய பிளஸ் டூவும் சென்னையில் வாங்கிய பிளஸ் டூவும் ஒரே படிப்பாக இருக்க வேண்டும். நீட்டை எதிர்ப்பவர்கள்தான் பிளஸ் டூவின் தரத்துக்காக முதலில் குரல் கொடுக்க வேண்டும். இரண்டும் ஒரே போராட்டம்.

ஆகவே நாம் பயப்பட வேண்டியது தரத்தைக் கண்டல்ல. தரத்தை யாரிடம் கேட்கிறார்கள் என்பதில்தான் சூது இருக்கிறது. பிள்ளையிடம் கேட்டால் அது வடிகட்டி. பள்ளியிடமும் அரசிடமும் கேட்டால் அது உரிமை. மாவட்டத்துக்கு ஒரு மாதிரிப் பள்ளி நடத்தித் தேர்ந்தெடுத்த பிள்ளைகளை ஐ.ஐ.டி.க்கு அனுப்புவது மகிழ்ச்சிதான். தேர்ந்தெடுக்கப்படாத பிள்ளைகளின் பள்ளியில் இயற்பியலுக்கு ஆசிரியர் இருக்கிறாரா என்பதே நம் அளவுகோல்.

நாம் கேட்பவை

ஒன்று, ஆசிரியர். மேல்நிலை வகுப்பு ஒவ்வொரு பாடத்துக்கும் நிரந்தர முதுகலை ஆசிரியர் வேண்டும். 2022இல் காலிப் பணியிடங்களுக்குப் பள்ளி மேலாண்மைக் குழு வழியாகத் தற்காலிக முதுகலை ஆசிரியரை மாதம் 12,000 ரூபாய்க்கு எடுக்கச் சொன்னார்கள். கட்டிட வேலைக்குப் போகிறவர் அதைவிடக் கூடுதலாக வாங்குகிறார். அவசரத்துக்கு அது சரி, அதுவே வழக்கமாகிவிடக் கூடாது. எந்தப் பாடத்துக்கு ஆசிரியர் இல்லை என்பதைப் பள்ளி வாசலிலேயே எழுதி வையுங்கள்.

இரண்டு, பாடப்பிரிவு. பிளஸ் ஒன் சேர்க்கையில் 69 சதவீத இட ஒதுக்கீட்டைப் பின்பற்ற வேண்டும் என்று உத்தரவு இருக்கிறது. அதைப் பாடப்பிரிவு வாரியாகக் காட்டுங்கள். அறிவியல் பிரிவில் எத்தனை ஆதிதிராவிடர், எத்தனை அருந்ததியர், எத்தனை பழங்குடியினர் என்ற பட்டியல் அறிவிப்புப் பலகையில் தொங்கட்டும். தொழிற்பிரிவு இழிவானதல்ல. அதற்கும் தகுந்த ஆசிரியரும் பட்டறையும் கொடுங்கள். 'வராது' என்று ஒதுக்கிய பிள்ளைகளைக் கொட்டிவைக்கும் இடமாக அதை ஆக்காதீர்கள்.

மூன்று, பதினொன்றாம் வகுப்பு. பாடம் முழுதாக நடந்ததா என்று பார்க்க, ஆண்டு இறுதியில் மாநிலப் பொது வினாத்தாள் போதும். தோல்வி என்ற பேச்சு வேண்டாம். விடைத்தாளை வேறு பள்ளி ஆசிரியர் திருத்தட்டும். எந்தப் பள்ளி எந்தப் பாடத்தில் பின்தங்குகிறது என்று அதில் தெரியும். தனியார் பள்ளிகளுக்கும் இது பொருந்த வேண்டும்.

நான்கு, ஆய்வகம். இயற்பியல், வேதியியல், உயிரியலில் எழுத்துத் தேர்வுக்கு 70, செய்முறைக்கு 20, அகமதிப்பீட்டுக்கு 10. அந்த 20 மதிப்பெண் கையால் செய்த சோதனைக்கு வர வேண்டும். எந்தத் தேதியில் எந்தச் சோதனையை மாணவர் தாமே செய்தார் என்று பதிவேட்டில் மாணவர் கையெழுத்துப் போடட்டும். புதுக்கோட்டைக் கல்லூரிப் பேராசிரியர்கள் பருவத்துக்கு ஒருமுறை வந்து பார்க்கட்டும்.

ஐந்து, அகமதிப்பீடு. அந்த 10 மதிப்பெண் எதற்கு எவ்வளவு என்று மாணவருக்குச் சொல்லப்பட வேண்டும். யாருக்கும் சொல்லாமல் போடும் மதிப்பெண், சாதி பார்க்கும் கையில் ஆயுதமாகிவிடும். நம் மாவட்டத்தின் வேங்கைவயலில் 2022 டிசம்பரில் குடிநீர்த் தொட்டியிலேயே மலத்தைக் கலந்தார்கள். அப்படிப்பட்ட மண்ணில் சாதி வகுப்பறை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வெளியே நிற்கும் என்று நம்புவதற்கில்லை.

ஆறு, படித்தவர் போன இடம். தேர்ச்சி விகிதத்தைப் பேனர் கட்டிக் கொண்டாடுகிறோம். தேர்ச்சி பெற்ற பிள்ளை ஓராண்டு கழித்து எங்கே இருக்கிறது? கல்லூரியில் இருக்கிறதா, அரியரோடு இருக்கிறதா, மாத்தூர் கம்பெனியில் ஒப்பந்தக் கூலியாக இருக்கிறதா? பள்ளி வாரியாக, சமூகப் பிரிவு வாரியாக, பெயரில்லாமல் இந்தக் கணக்கை வெளியிடுங்கள். பள்ளியின் உண்மையான மதிப்பெண் அதுதான்.

நம் கையில் இருப்பது

இவற்றையெல்லாம் அரசு தானாகத் தரும் என்று காத்திருந்தால் நம் பிள்ளைகளின் இரண்டு ஆண்டு போய்விடும். அது திரும்ப வராது. நம் கையிலும் சில கருவிகள் இருக்கின்றன. பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோருக்கு இடம் உண்டு. பெயருக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு வராமல், "வேதியியல் சார் வந்தாரா, லேப் திறந்ததா?" என்று ஒவ்வொரு கூட்டத்திலும் கேளுங்கள். சுற்றுக்கிராமத்து மக்கள் வருகிற ஜனவரி 26 கிராமசபையில் பள்ளியின் காலிப் பணியிடங்களை நிரப்பச் சொல்லித் தீர்மானம் போடுங்கள். காலனியில் நான்கு படித்த பிள்ளைகள் இருந்தால், 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டப்படி ஒரு மனு எழுதுங்கள். ஆசிரியர் பணியிடம் எத்தனை, நிரம்பியது எத்தனை, ஒவ்வொரு பாடப்பிரிவிலும் நம் பிள்ளைகள் எத்தனை என்ற மூன்று கேள்விகளே போதும்.

நேர்மையாக உழைக்கும் ஆசிரியர்கள் பலர் நம் பள்ளிகளில் இருக்கிறார்கள். இரண்டு பேர் வேலையை ஒருவரே இழுத்துக்கொண்டு, சனிக்கிழமையும் வந்து வகுப்பெடுக்கிறவர்களை நாம் அறிவோம். நம் கேள்விகள் அவர்களுக்கு எதிரானவை அல்ல. அவர்களுக்குத் துணை கேட்கும் கேள்விகள்.

டிசம்பர் 6 வருகிறது. அண்ணலின் படத்துக்கு மாலை போடுவோம். போட்ட கையோடு பக்கத்து மேல்நிலைப் பள்ளிக்கு ஒரு நடை போய், ஆய்வகத்தின் பூட்டு திறந்திருக்கிறதா என்று பார்ப்போம். பூட்டியிருந்தால், சாவி யாரிடம் இருக்கிறது என்று கேட்போம்.